பஞ்சு எடுக்காத ஷூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஜோடி ஷூவை இரண்டு வருடம் பத்திரமாகப் போட்டுக்கொண்டாள் என்று எட்டு வயதுப் பெண் ஒருத்தியை மேடையேற்றிப் பரிசு கொடுத்தோம். நாலாவது மாதம் அவள் செத்துப்போனாள். இதைக் கடைசிவரை மூடிவைத்துக் கதை சொல்ல எனக்கு வராது.

நான் சொல்ல வந்தது அங்குலத்தைப் பற்றி. அது ஒரு மனுஷருக்கு நாங்கள் வைத்த பெயர். கடைத்தெரு முனையில் உள்ள செருப்புக் கடையில் இருபத்தெட்டு வருடமாக விற்பனையாளர். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொள்வார். முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்க்கிற மனுஷர். தெருவில் என்னைக் கண்டால் சௌக்கியமா என்று கேட்கமாட்டார். "இடது குதிகால் ரொம்பத் தேயுதேம்மா, நடை சரியில்லையே" என்பார். என் நடத்தையைச் சொல்கிறாரோ என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. பிளீச்சிங் பவுடரில் விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கும். வாய் மட்டும் வெளுக்கவில்லை. "வாரம் பூராச் சம்பளத்துக்கு ஊரார் காலைப் பிடிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை சம்பளமில்லாமப் பிடிக்கிறாரு. எனக்குக் கால் வலிக்குதுன்னா மட்டும் தைலத்தை நீட்டி, நீயே தேச்சுக்கோங்கிறாரு" என்பார் அண்ணி. அங்குலம் சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கிளம்பிவிடுவார்.

நாங்கள் ஏழு பேர். மருந்துக் கடைக்காரர் தலைவர். நான் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய காகிதக் கிடங்குகளுக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறைகள் உண்டு. அங்கிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் ஷூ கொடுப்பது எங்கள் வேலை. முதல் வருடம் பழைய ஷூ கேட்டோம். ஜோடியில்லாத ஒற்றை வந்தது, அடி பிளந்தது வந்தது, கல் பதித்த குதிகால் செருப்புகூட வந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பார்ப்பேன். மூட்டையோடு திருப்பிக் கொண்டுபோய் அவரவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு புது ஷூதான். அட்டைப்பெட்டியில் துளை போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்திலும் சந்தையிலும் நிற்போம். "ஷூ இல்லாட்டிப் படிப்பு ஏறாதா?" என்று ஒருவராவது கேட்பார். "உங்க பிள்ளைய ஒரு நாள் வெறுங்கால்ல அனுப்பிப் பாருங்க, தெரியும்" என்பேன். எவ்வளவு நின்றாலும் கடைசி இருபது பிள்ளைகளுக்குப் பற்றாது. அவர்களிடம் "அடுத்த வருஷம்" என்று சொல்வது என் பொறுப்பு. வாய் பெரிசாக இருப்பவள் நான்தானே.

அளவெடுப்பது அங்குலம். என் கடையில் கெட்டுப்போன நகல்தாளின் பின்பக்கத்தைத் தரையில் விரிப்பார். பிள்ளை ஏறி நிற்கும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றி ஒரு கோடு. ஓரத்தில் பெயர், வயது, அறை எண். வளர்கிற கால் என்பதால் கட்டைவிரல் அகலம் பெரிசாகத்தான் ஷூ வாங்குவோம். மிச்ச இடத்துக்கு முனையில் பஞ்சு வைத்துத் தருவார். "பாதி வருஷத்துல பஞ்சை எடுத்துடு. வருஷம் முடிஞ்சா ஷூவையே மாத்தணும்" என்பார். அடுத்த வருடம் மறுபடி எல்லோருக்கும் கோடு போடுவார். அப்புறம் காலில் இருக்கும் பழைய ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்துவார். பஞ்சு இன்னும் உள்ளேயே இருந்தால் ஷூ இன்னும் பெரிசு; அந்தப் பிள்ளைக்கு இந்த வருடம் வேண்டாம். "ஒண்ணு மிச்சம்!" என்று குரல் கொடுப்பார். கடைசி இருபதில் ஒன்று குறையும். நாங்கள் கை தட்டுவோம். நிஜமாகவே தட்டுவோம். பழைய கோட்டை எடுத்துப் புதிய கோட்டோடு வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. எதற்கு? ஷூதான் சொல்லிவிடுகிறதே.

அந்தப் பெண் அப்படித்தான் எங்களுக்குச் செல்லமானாள். ஆறு வயதில் ஷூ வாங்கினாள். ஏழு வயதிலும் பஞ்சு உள்ளேயே இருந்தது. எட்டிலும் இருந்தது, கறுத்து இறுகிப்போய். அங்குலம் அவளைச் "சிக்கனம்" என்று கூப்பிடுவார். அவள் தங்கை, ஆறு வயதுக்காரி, முந்தின வருடம்தான் முதல் ஜோடி வாங்கினாள். அவளுக்கும் பஞ்சு அப்படியே இருந்தது. "அக்காவும் தங்கச்சியும் சேந்து ரெண்டு மிச்சம்!" என்றார் அங்குலம். அன்று நான் விரல் சிவக்கத் தட்டினேன்.

மேடை யோசனை தலைவருடையது. நன்கொடையாளர்கள் வரும் நாளில் மூத்தவளை ஏற்றி, ஷூவைத் தூக்கிக் காட்டச் சொல்லி, "பொருளைப் பேணத் தெரிஞ்ச பிள்ளை" என்று பேசினார். கலர் பென்சில் பெட்டி கொடுத்தார்கள். இறங்கி வரும்போது அவள் இரண்டாவது படியில் உட்கார்ந்துகொண்டாள். ஐந்தாறு படிதான் அது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்தோம்.

மழைக்காலம் முடிகிற சமயம் அவள் அம்மா என் கடைக்கு வந்தாள். காகிதக் கிடங்கில் தாள் பிரிப்பவள். மடித்த ஒரு தாளை நீட்டி, "மூணு காப்பி வேணுங்க்கா" என்றாள். இயந்திரத்தில் கவிழ்த்து வைக்கும்போதுதான் படித்தேன். இறப்புச் சான்றிதழ். வயது எட்டு. அறை எண் எனக்கு மனப்பாடம்.

"என்னம்மா ஆச்சு?"

"காய்ச்சல்தான்க்கா. நாலு நாள். காய்ச்சல் எல்லாப் பிள்ளைக்கும் வருது, இதுக்குத் தாங்க உடம்புல ஒண்ணுமில்லன்னாங்க டாக்டரு. எத்தன வருஷமா வளரலன்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? மூணு வருஷமா ஒரே பாவாடைதான் போட்டா. பத்தாமப் போகலியேன்னு எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

இயந்திரம் பாட்டுக்கு மூன்றையும் துப்பிவிட்டு நின்றது. அவள் பையிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து மேசையில் வைத்தாள். துடைத்திருந்தாள்.

"வேற பிள்ளைக்குக் குடுங்கக்கா. நல்லாத்தான் இருக்கு."

கடையைச் சாத்திவிட்டு ஷூவோடு செருப்புக் கடைக்குப் போனேன். அங்குலம் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பையனுடைய காலணி முனையை அழுத்தி, "ஒரு வருஷம் தாங்கும் சார், கவலையே வேணாம்" என்று தகப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை நின்றேன். பிறகு ஷூவை அவர் மடியில் வைத்தேன். யாருடையது என்று கேட்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முனைக்குள் இரண்டு விரலை விட்டுப் பஞ்சை உருவினார். அதைக் கையிலேயே வைத்திருந்தார். முதலாளி கல்லாவிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்.

அந்த ஞாயிறு என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். மூன்று வருடத்துத் தாள்களும் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கடியில் இருந்தன. சிக்கனத்தின் மூன்று தாளை உருவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்தார். வெளிச்சத்தில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது.

அண்ணி ஏதாவது கேலியாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தரையில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்து, பெயர் பெயராக ஜோடி சேர்த்துத் தர ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தோம். கோடு நகராத பிள்ளைகள் ஒன்பது பேர். ஏழாவதாக வந்தது தங்கைக்காரியின் தாள்.

"வேலைய நான் கண்ல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கிறதா எல்லாரும் சொல்வாங்க" என்றார் அங்குலம். "என்னத்தப் பாத்தேன்? செத்துக்கிட்டிருந்த புள்ளைய மிச்சம்னு கத்தினேன்." அழுதார். அவர் அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"அழுறத அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார் அண்ணி. "அந்தச் சின்னது இன்னும் உசுரோட இருக்கு. எந்திரிங்க."

குழுக் கூட்டத்தில் அங்குலம் மூன்று தாளையும் மேசையில் போட்டார். வசூலில் பாதியை ஒன்பது பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஒதுக்க வேண்டும், பரிசு கொடுத்தது தப்பென்று நன்கொடையாளர்களிடம் சொல்ல வேண்டும் என்றார். தலைவர் தாளைத் தொடவில்லை.

"நம்மது ஷூ குழு. ஆஸ்பத்திரி இல்ல. இத வெளிய சொன்னா அடுத்த வருஷம் பெட்டியில ஒருத்தன் காசு போடமாட்டான். அந்த இருபது பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா?" என்றேன் நான்.

"நீங்களும்தானே மேடைக்குக் கீழ நின்னு கை தட்டினீங்க?" என்றார் அவர்.

கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் நாலு பேர். தோற்றுப்போனோம்.

அங்குலம் விடவில்லை. சனிக்கிழமை காலைகளில் கடைக்கு விடுப்புப் போட்டார். முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். தாள்களைச் சுருட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத யாரு எடுத்தது? போன வருஷமே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். பசி மட்டும் இல்லையாம். அறை வரிசைத் தண்ணீர், வயிற்றுப் பூச்சி, மாதம் ஒரு வயிற்றுப்போக்கு, எல்லாம் சேர்ந்து. பூச்சி மருந்து, சத்து மாவு, வாராவாரம் எடை. மாவு மாதத்துக்குப் பத்து நாள்தான் வரும். மீதி இருபது நாளுக்கு நாங்கள் மூன்று பேர் அட்டைப்பெட்டி இல்லாமல் கடை கடையாகப் போய்ப் பாலும் முட்டையும் கேட்டோம். "ஷூ கேட்டீங்க, இப்ப முட்டையா? அடுத்து வீடா?" என்று கேட்டவர்கள் உண்டு. பேசாமல் நின்றேன். என் வாய்க்கு அது பெரிய விஷயம்.

ஒன்பதில் ஒரு குடும்பம் நாங்கள் போவதற்கு முன்பே அறையைக் காலி செய்துகொண்டு போயிருந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தாள் இன்னும் அங்குலத்திடம் இருக்கிறது. தங்கைக்காரியை அவரே கையைப் பிடித்து எடை பார்க்கக் கூட்டிப்போவார். முதல் மூன்று மாதம் முள் அசையவில்லை. நிலையத்திலிருந்து திரும்பும்போது நேரே என் கடைக்கு வருவார், ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அப்படியென்றால் அசையவில்லை என்று அர்த்தம். நாலாவது மாதம் ஒருநாள் வந்து, "கால் கிலோ" என்றார்.

அடுத்த வருடம் பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கையில் வழக்கம்போல அளவெடுத்தோம். தலைவர் வந்து போனார். பேச்சு வார்த்தை இல்லை. அங்குலம் இப்போது முதலில் பழைய தாளைத்தான் விரிப்பார், அதன்மேல் பிள்ளையை நிறுத்துவார், அப்புறம்தான் புதுத் தாள். தங்கைக்காரி அம்மாவோடு வந்தாள். போன வருடத்துத் தாளில் ஏறி நின்றாள். விரல்கள் கோட்டுக்கு வெளியே இருந்தன.

"தாண்டிட்டா" என்றார் அங்குலம். யாரும் கை தட்டவில்லை.

"அண்ணே, பெரியவளோட காகிதம் இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

அவர் தயங்கினார். பிறகு கட்டின் அடியிலிருந்து எடுத்தார். அம்மாவே அதை வாங்கித் தரையில் விரித்தாள். சின்னவள் அதிலும் ஏறி நின்றாள். காலுக்கடியில் கோடு மறைந்துவிட்டது.

"இது யாரு காலும்மா?"

"அக்கா காலு."

"சின்னதா இருக்கே. அக்காவ விட நான் பெருசா?"

"ஆமாடி. நீ பெருசு."

அம்மா தாளை எடுத்துத் தூசி தட்டி அங்குலத்திடம் கொடுத்தாள். கோபமே இல்லாமல், கடையில் விலை கேட்கிற குரலில் சொன்னாள்: "அவளுக்கும் இப்படிப் பழைய காகிதத்த வெச்சுப் பாத்திருக்கலாமேண்ணே."

"பாத்திருக்கலாம்மா" என்றார் அங்குலம். "என் கட்டைவிரல் சொல்லிச்சு. நான்தான் கை தட்டிட்டேன்."

அவர் புதுத் தாளில் கோடு போட்டார். அளவு பார்க்க வைத்திருந்த ஒரு புது ஷூவைச் சின்னவள் காலில் மாட்டி, முனையில் பஞ்சு வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நான் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே "வேண்டும்" என்று எழுதினேன்.