இரண்டு பாம்புக் கடி

அந்த ஓணம் லீவில் எனக்குப் பத்து வயது. பெங்களூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பெரியம்மா மகன், குளத்தூரில் எங்கள் வீட்டில் வந்து நின்றான். பெரியப்பா திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார், பெரியம்மாவும் கூடவே அங்கே. அண்ணன் காலையில் சோறு கொண்டு கொடுத்துவிட்டு மத்தியானம் பஸ்ஸில் திரும்புவான். வந்ததும் நானும் தங்கச்சியும், அதாவது உங்கள் அத்தையும், அவனைப் பிடித்துக்கொள்வோம்.

ஹாஸ்டலில் கற்ற ஒரு விளையாட்டை அவன் கொண்டுவந்திருந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. அவன் கதை சொல்வான். கதைக்குள் நாங்கள் என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது நடக்குமா என்பதை லூடோ பெட்டிப் பகடை தீர்மானிக்கும். நான் வைத்தியன், தங்கச்சி வில்லாளி. ஆளுக்கு இருபது ரப்பர் கொட்டை, அதுதான் உயிர். தோட்டம் முழுக்கக் கொட்டை உதிர்ந்து கிடக்கும் மாதம். நாங்கள் கள்ளம் காட்டாமலிருக்க எல்லாவற்றிலும் பேனாவால் புள்ளி வைத்திருந்தான். கொட்டை தீர்ந்தால் செத்தாயிற்று. பிறகு லீவு முடியும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் தங்கச்சி அரக்கன் மேல் இரண்டு விஷ அம்பு விட்டாள். விஷம் ஏறினால் சுற்றுக்கு இரண்டு கொட்டை போகும். இரண்டு அம்பென்றால் நாலு போகணும் என்று வாதாடியது நான்தான். அண்ணன் விளையாட்டு விதித் தாள்களைப் புரட்டினான். ஜெராக்ஸில் அந்த இடம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. சரியென்றான். அரக்கன் செத்தான்.

மறுநாள் குகைக்குள் என்னை ஒரு பாம்பு கடித்தது. உடனே இன்னொன்று. கையில் ஏழு கொட்டை. விஷத்தை முறிக்கும் பச்சிலை மரத்துக்கு இன்னும் மூன்று சுற்று. இரண்டிரண்டாகப் போனால் ஒரு கொட்டையோடு பிழைப்பேன். நாலு நாலாகப் போனால் மரத்தைப் பார்க்கவே மாட்டேன்.

“நாலாக்கும்,” என்றாள் தங்கச்சி. “நேத்து நீதானே சொன்ன?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் என் கையிலிருந்த கொட்டைகளை எண்ணிப் பார்த்தான். பிறகு, நேற்றுச் சொன்னது தப்பு, ஒரே விஷம் மேலே மேலே ஏறாது, எத்தனை கடித்தாலும் இரண்டுதான் என்றான். அப்படியானால் அரக்கன் சாகவில்லையே என்று தங்கச்சி விடவில்லை. ஆமாம், உயிரோடு உண்டு, அந்த மரத்தடியில்தான் இருக்கிறான் என்று அதையும் ஒத்துக்கொண்டான்.

“எல்லாம் ஒண்ணிச்சு, ஒரே நேரத்துல வந்தா ஒரு ஆளு எப்படி மக்கா தாங்குவான்?” என்று என் கையை விரித்து இரண்டு கொட்டையை மட்டும் எடுத்தான்.

தங்கச்சி அரக்கனை அம்பால் தடுத்து நிறுத்த, நான் ஒற்றைக் கொட்டையோடு பச்சிலை பறித்தேன்.

அன்று தாள்களை அடுக்கியது நான். அடியில் ஒரு தாளில் ஆறு பாடத்தின் பெயரும் எண்களும் இருந்தன, அதில் நாலு எண்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இது யாருடைய உயிர் என்று கேட்டேன். அது வேறெ விளையாட்டு என்று வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார், ஆனால் எழுந்து நடக்கவில்லை. லீவு முடிந்தும் அண்ணன் பெங்களூருக்குப் போகவில்லை. அரக்கன் இன்னும் சாகவில்லை, அதனால்தான் எங்கள் அண்ணன் ஊரிலேயே நின்றுவிட்டான் என்று நானும் தங்கச்சியும் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னோம்.