மலை முழுக்கப் பாதாம் இலை

கொரியாவில் இருந்த காலத்தில் நாங்கள் இலை பார்க்கப் போனது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் போகாமல் இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் நினைத்துக்கொள்கிறேன்.

இலை பார்க்கப் போவது என்றாலே எங்கள் கடலூர்ப் பக்கம் சிரிப்பார்கள். கொரியாக்காரர்கள் குளிர் தொடங்குமுன் குடும்பம் குடும்பமாக மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறி நிற்கும். அதைப் பார்ப்பதற்கென்றே தனி பஸ். 2008இல் நான் அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

"உதுரப் போற எலய பாக்கவா பஸ்ஸு வெச்சிக்கினு போறானுங்க? வேல இல்லாதவனுங்க."

அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் குப்பத்தில் கரையில் நின்று பார்த்தால் பனைமரத்தைவிட உயரமாக எதுவும் கண்ணில் படாது. அவருக்கு மலையை எப்படிப் புரியவைப்பது? கடைசியில் பாதாம் மரத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அண்ணாமலை நகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வாசலில் ஒரு பாதாம் மரம். வருஷத்தில் ஒரு தடவை அதன் இலையெல்லாம் சிவந்து சிவந்து கொட்டும். மாசத்துக்கு ஒருமுறை அப்பா ஒயர் கூடையில் மீனோடு பஸ் ஏறி வருவார். வீட்டுக்குள் வரச் சொன்னால் வரமாட்டார், அந்த மரத்தடியில்தான் உட்காருவார். மாப்பிள்ளை வீட்டு சோபாவில் மீன் நாற்றம் ஏறிவிடுமாம்.

"அந்த மரத்து எல செவக்குமில்ல, அது மாரி மல முழுக்கப்பா" என்றேன்.

"அப்படியா?" என்றார். "அப்ப பாக்கலாம்."

மறுவருஷம் ஆடியில் அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நான் அப்போது மாசமாக இருந்தேன். தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தை பிறந்ததும் போய் அப்பாவைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதுவரை அவர் இருப்பாரா என்பது ஒன்றுதான் அந்த நாட்களில் என் மனசில் இருந்தது. அதை வாய்விட்டு யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போடுவேன். தம்பி போனை அப்பாவின் காதில் வைப்பான். நான் பேசுவேன், அவர் "ம்" என்பார். அந்த "ம்"தான் எனக்கு அடுத்த ஞாயிறு வரை.

ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தின் பேராசிரியர் தன் ஆட்களை எல்லாம் மலைக்குக் கூப்பிட்டார். மேலே பழைய புத்தர் கோயில் ஒன்று இருக்கிறது, பாதி தூரம் பஸ்ஸே போகும், உன் மனைவியும் சிரமமில்லாமல் வரலாம் என்றார். முந்தின வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து போகமுடியாமல் போயிருந்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று நின்றேன்.

என் வீட்டுக்காரருக்கு இதில் இஷ்டமில்லை. "குளுரு ஜாஸ்தி, வேணாம்" என்றார்.

ஊருக்குப் போன் போட்டால் அம்மா அதற்கு மேல்.

"மலைக்கெல்லாம் ஏறாதடி. சொன்னா கேளு. கோயிலுக்கும் வேணாம்."

"அது புத்தர் கோயில்மா."

"எந்தக் கோயிலா இருந்தா என்ன? மல மேலதான இருக்கு?"

வயிற்றுப் பிள்ளைக்காகத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கின்மேல் வரும். கண் காணாத தேசத்தில் ஒண்டியாக நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பவளை, ஒரு நாள் வெளியே போவதற்கு ஆளாளுக்குத் தடுத்தால் எப்படி இருக்கும்? மூன்று நாள் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள், சரி கிளம்பு என்றார்.

அந்த மலையைப் பற்றி என்ன சொல்ல? பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நின்றுவிட்டேன். பாதையின் இரண்டு பக்கமும், மேலே பாறை இடுக்கு வரைக்கும், சிவப்பு. நடுநடுவே மஞ்சள். கீழே ஓடையில் தண்ணீர் தெரியாதபடி இலை மூடியிருந்தது. அப்பாவை எப்படியாவது தூக்கிக்கொண்டு வந்து இங்கே ஒரு நாற்காலியில் உட்காரவைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அழுகையும் வந்தது. அந்தச் சமயத்தில் எனக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வரும்.

கோயில் முகப்பில், உள்ளே நுழையும் வழியின் இரண்டு புறமும், முழியை உருட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு மேலே காவல் சாமிகள் நின்றன. நம் முனீஸ்வரனைக் குளிப்பாட்டிப் பட்டு உடுத்தி நிறுத்தியதுபோல் இருந்தது. திரும்பிச் சிரித்தேன், இவர் சிரிக்கவில்லை. "நீ போயிட்டு வா, நான் பைய பாத்துக்கறேன்" என்று வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். தெருவில் நாய் படுத்திருந்தால்கூடப் படம் பிடிக்கிற மனுஷர். இத்தனை தூரம் வந்தும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறாரே என்று எரிச்சலோடு நான் மட்டும் பேராசிரியரின் மனைவியோடு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு மேசையில் கூரை ஓடுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். கறுப்பு ஓடு. காணிக்கை போட்டுவிட்டு, வேண்டுதலை அதன்மேல் வெள்ளை மையால் எழுதித் தரவேண்டும். கோயில் கூரையை மாற்றும்போது அதையும் மேலே வைத்துவிடுவார்களாம். மழையும் பனியும் அதன்மேல் விழும், வேண்டுதல் நிலைத்து நிற்கும் என்று அந்த அம்மாள் கைஜாடையில் விளக்கினாள். நான் தமிழிலேயே எழுதினேன். "எங்கப்பா எழுந்து நடக்கணும்." தமிழ் எழுத்தைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "நல்லா எழுதியிருக்க" என்றார்.

அங்கேயே படியில் உட்கார்ந்து அவருடைய போனில் ஊருக்குப் பேசினேன். வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று தடுத்துப் பார்த்தார், பிடுங்கிக்கொண்டேன். தம்பி எடுத்தான். அப்பா காதில் வை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "ம்" வந்தது.

அன்றைக்குப் பேசியதுபோல் நான் அப்பாவிடம் எப்போதும் பேசியதில்லை. இலையைச் சொன்னேன், ஓடையைச் சொன்னேன், முழி உருட்டும் சாமியைச் சொன்னேன். "நீங்க மரத்தடியில உக்காருவீங்களே, அந்த எலதாம்பா, மல முழுக்க." உள்ளே வந்து சோபாவில் உட்காரச் சொல்லி நான் ஒருநாளும் வற்புறுத்தவில்லையே என்று மனசில் கிடந்ததைச் சொன்னேன். பேரனோ பேத்தியோ தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். ஓட்டில் எழுதியதைச் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு மாதிரியாகத் தொண்டை அடைத்த சத்தம் கேட்டு போன் நின்றுவிட்டது. அப்பா சந்தோஷத்தில் அழுகிறார் என்று இவரிடம் சொன்னேன். இவர் இலையைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த "ம்" வரவேயில்லை. அப்பாவைப் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உள்ளே போன் விடமாட்டார்கள் என்றார்கள். தையில் மகள் பிறந்தாள். பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்த பிறகுதான் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அப்பா போனது புரட்டாசியில். மாசமாக இருப்பவளிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்று அம்மா எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும்வரை மலைக்கோயில் ஏறக்கூடாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அது உண்டா இல்லையா என்று எங்கள் பக்கம் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அம்மாவுக்கு உண்டு. அதனால்தான் அவ்வளவு தூரம் தடுத்திருக்கிறாள். அந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து கேட்டது. அந்த நேரத்தில் புத்தியில் எட்டவில்லை.

மலையில் ஏன் என்னை எழுதவிட்டீர்கள் என்று இவரைப் பிடித்து உலுக்கினேன்.

"நீ எழுதற வரைக்கும் அவுரு உனக்கு இருந்தாரு. அத நான் எப்படிப் புடுங்கறது?" என்றார்.

ஒரு செத்தவர் எழுந்து நடக்கவேண்டும் என்று எந்த ஊர்க் கூரையிலோ என் கையெழுத்து கிடக்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உயிரோடு இருந்த அப்பாவிடம் நான் கடைசியாகப் பேசியது என்ன என்று யோசித்தால்தான் மனசு ஆறுவதில்லை. அவர் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வாந்தி, தலைசுற்றல். "அப்பா, குக்கர் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சேரவேண்டியதையெல்லாம், அவர் போன பிறகு, வேறு யாரிடமோ கொட்டியிருக்கிறேன்.

யாரிடம் என்பது 2011இல் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அதுவரை தம்பியோடு நான் சரியாகப் பேசவில்லை. ஒரு சாயங்காலம் அவன் வலையை உதறிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், அன்றைக்கு "ம்" சொன்னது யாரடா என்று கேட்டேன். அவன் கையில் இருந்த வலையைக் கீழே போடவில்லை.

"நாந்தாங்க்கா. அம்மாதான் சொல்லச் சொல்லிச்சு. நீ அந்த ஓட்டச் சொன்னதும் என்னால முடியல. அதான் கட் பண்ணிட்டேன்."

அவனை அடிக்கலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா, நீ அவுருக்குன்னு சொன்னத நான் வெச்சிக்கலக்கா" என்றான். "அப்பவே போயி அப்பா படத்துக்கு முன்னால உக்காந்து சொல்லிட்டேன். சோபா, சாமி, எல்லாத்தையும். அந்த எல மட்டும் மஞ்சளா செவப்பான்னு கொழம்பிட்டேன். பாதாம் எல மாரின்னு மட்டும் சொன்னேன். அவுருக்குத் தெரியுமில்ல?"