ஏரிக்கரையில் அத்தை பேசியது

சமையலறைக் குழாயடியில் ஒரு கட்லா மீனின் வாயை இரண்டு விரல்களால் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அத்தை உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி இன்றும் என் கண்ணில் அப்படியே நிற்கிறது. நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஏரிக்குப் போய்வந்த களைப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டிருந்தேன். அத்தை மீனைத் திருப்பினார். செவுளைத் தூக்கினார். கண்ணை அழுத்திப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்:

“இது தூண்டில்ல மாட்னது இல்லம்மா. வாயில முள்ளு குத்துன காயமே இல்ல பாரு. ஐஸ்ல கெடந்த மீனு, கண்ணு வெளுத்துப் போய் கீது. இன்னான்னு கேளு உங்க ஊட்டுக்காரர.”

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பதுதான் என் வேலை. மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடித்துக் குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன் மூன்று வாரமாகப் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் வாங்கி, ஏரியில் பிடித்ததாகச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். அதை அத்தை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். என் மனைவி வெங்காயத்தைப் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அன்று சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் சிரிப்பு நிற்கவில்லை.

அத்தை என்பது என் மாமியார். திருப்பாச்சூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் என்னிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமோ மனத்தாங்கலோ எதுவும் இல்லை. மருமகன் எதிரில் மாமியார் நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்று அவர் பழகிய வழக்கம். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவர் ஊருக்கு எப்போதாவது போய்வந்த நாட்களில் அது எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மாமனார் இறந்து, என் மனைவி பிடிவாதம் பிடித்து அம்மாவை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்த பிறகுதான் அதன் சங்கடம் புரிந்தது. எங்களுடையது இரண்டே அறை உள்ள வாடகை வீடு. மனைவிக்கும் எனக்கும் வேறு வேறு ஷிப்ட். வீட்டில் அத்தையும் நானும் மட்டும் இருக்கும் நாட்கள் வாரத்துக்கு மூன்றாவது இருக்கும். அப்போது அவர் சுவரிடம் பேசுவார், ஃபிரிட்ஜிடம் பேசுவார். “சோறு ஆறிப்போவுது, சாப்பிட்டா தேவல” என்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நான் எழுந்துபோய்ச் சாப்பிடுவேன். நானும் என் பங்குக்கு, “நாளைக்கு நைட் ஷிப்ட், டிபன் வேணாம்” என்று டிவியிடம் சொல்லுவேன்.

இதை இன்று நாங்கள் சொல்லிச் சிரிக்கிறோம். அன்று என் மனைவிக்கு அது சிரிப்பாக இல்லை. மாமனார் போன பிறகு அத்தை ஒரு வேளைதான் சாப்பிட்டார். டிவி பார்க்க மாட்டார், அக்கம்பக்கம் போக மாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, சிப்காட்டுக்குள் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாரம் தவறாமல், “நா ஊருக்கே போறேன்மா” என்பார். அங்கே பூட்டிய வீட்டைத் தவிர யாரும் இல்லை. போனால் என்ன ஆவார் என்று மனைவி என்னிடம் ரகசியமாக அழுதிருக்கிறாள்.

அதனால்தான் அந்தக் கட்லா மீன் விஷயம் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. மாமனார் போன ஒரு வருடத்தில் முதல்முறையாக அத்தை ஒன்றை ஆசையாகத் தொட்டுப் பார்த்து அபிப்பிராயம் சொன்னார். மனைவி அதை விடவில்லை. அடுத்த ஞாயிறு நான் கிளம்பும்போது, “அம்மாவையும் கூட்டிக்கினு போங்க. நெஜமாவே மீன் புடிக்கிறீங்களான்னு யாராச்சும் சாட்சி வேணாமா?” என்றாள். அத்தை மறுப்பார் என்று நினைத்தேன். உள்ளே போனவர் பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, வாசலைப் பார்த்து நின்றார்.

எங்கள் ஏரி கவரைப்பேட்டைக்கு மேற்கே இருக்கிறது. மீன் ஏலம் எடுத்தவர் வலை போட விடமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். எங்களால் அவருக்கு எந்த நஷ்டமும் வராது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாங்கள் மூன்று பேர்: நான், எங்கள் கம்பெனி வெல்டர், கிரேன் ஆபரேட்டர். வெல்டர் காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு அப்படியே வெள்ளைச் சட்டையோடு வந்துவிடுவார். மூன்று பேரும் ஆன்லைனில் ஒரே மாதிரி ரீல் தூண்டில் வாங்கியிருந்தோம். அதை வீசும்போது எழும் ‘விர்ர்’ என்ற ஒலிக்காகவே நாள் முழுக்க வீசலாம். மீன்தான் வராது. கொண்டுபோன தக்காளி சாதத்தைச் சாப்பிட்டு, சூப்பர்வைசரைத் திட்டி, வேலிக்காத்தான் நிழலில் ஒரு தூக்கம் போட்டுத் திரும்புவோம். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அத்தை எங்கள் ரீல்களைப் பார்த்தார். கரையில் ஈரமான இடமாகப் பார்த்து, குச்சியால் கிளறி மண்புழு எடுத்தார். பிறகு கிரேன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, “தம்பி, அந்த மூங்கில் கழிய கொஞ்சம் எடுத்தா. அந்த நரம்புலயும் ஒரு பத்தடி அறுத்துக் குடு” என்றார். அவர் மருமகன் இல்லையாதலால் அவரிடம் பேசுவதில் தடையில்லை. துணி காயப்போட யாரோ நட்டுவைத்து விட்டுப்போன கழி அது. அதன் நுனியில் நைலான் நரம்பைக் கட்டி, செருப்பின் ரப்பரில் ஒரு துண்டு அறுத்து மிதவையாகச் செருகி, முள்ளில் புழுவைக் கோத்து, கோரைப்புல் ஓரமாக மெதுவாக இறக்கினார். நாங்கள் ஏரியின் நடுவுக்கு வீசிக்கொண்டிருந்தோம். அவர் தன் காலடியில் பிடித்தார். மதியத்துக்குள் பதினொரு ஜிலேபிக் கெண்டை.

“அம்மா, உங்களுக்கு கம்பெனியில வேல போட்டுக் குடுக்கட்டா?” என்றார் வெல்டர். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான் முதல்முறை.

அதன் பிறகு ஞாயிறு என்பதே எங்கள் வீட்டில் வேறு நாளாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலமே அத்தை கோதுமை மாவைப் பிசைந்து, கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு சேர்த்து, கெண்டைக்கு இரை உருட்டிவைப்பார். ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சு குறைந்தது. மூன்று வேளையும் சாப்பிட்டார். என்னிடம் மட்டும் பேசவில்லை. என் மிதவை அமுங்கினால்கூட, “அங்க ஒண்ணு கடிக்குதுன்னு சொல்லு” என்று வெல்டர் வழியாகத்தான் செய்தி வரும். வெல்டர் இரண்டடி தள்ளி இருக்கும் என்னிடம் அதை ஒரு முறை உரக்க ஒப்பிப்பார். அதற்குள் மீன் போய்விட்டிருக்கும்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு. முந்தின வாரம் நல்ல மழை. ஏரியில் முக்கால் அளவு தண்ணீர். வெல்டரும் கிரேன் ஆபரேட்டரும் கொஞ்சம் தள்ளி, மூன்று கல் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை வழக்கமான கோரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் தூண்டில் திடீரென்று வில்லாக வளைந்தது. ரீல் கத்திக்கொண்டே சுற்றியது. இத்தனை மாதத்தில் எனக்கு அப்படியொரு மீன் மாட்டியதில்லை. அது கோரைக்குள் புகுந்தால் நரம்பு அறுந்துவிடும் என்ற பதற்றத்தில், முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்கினேன். நான்கு அடி நடந்தேன். ஐந்தாவது அடிக்குத் தரை இல்லை.

கோடையில் லாரி வைத்து மண் வெட்டிய பள்ளம் அது. மேலே தண்ணீர் நிரம்பிவிட்டதால் வெளியே தெரியவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. மூக்கிலும் வாயிலும் சேற்றுத் தண்ணீர் போனது. ஒரு முறை மேலே வந்தேன், வானம் தெரிந்தது. மறுபடி உள்ளே போனேன். காலுக்கு அடியில் வழவழவென்று களிமண் சரிந்துகொண்டே இருந்தது. இரண்டாம் முறை தலை வெளியே வந்தபோது ஒரு குரல் கேட்டது.

“டேய்! கழிய புடி! டேய், இந்தாண்ட பாருடா! கழிய புடிடா!”

தோளில் ஏதோ இடித்தது. மூங்கில் கழியின் தடித்த முனை. இரண்டு கையாலும் பற்றினேன். கரையில் அத்தை குப்புறப் படுத்திருந்தார். ஒரு காலை வேலிக்காத்தான் வேரில் கொக்கி போல் மாட்டிக்கொண்டு, கழியின் மறுமுனையைக் கக்கத்தில் இடுக்கி இழுத்துக்கொண்டிருந்தார். முந்தானை எங்கேயோ கிடந்தது. “உடாத! உட்டன்னா கொன்னுடுவேன்!” என்று கத்தினார். அதற்குள் நண்பர்கள் ஓடிவந்து, மூன்று பேருமாக என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டு, மல்லாந்து படுத்தேன்.

மூச்சு சீரான பிறகு எழுந்து பார்த்தால், அத்தை தள்ளிப்போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தார். காலெல்லாம் முள் கிழித்து ரத்தம். பயந்துபோய்விட்டார் என்று நினைத்து அருகில் போனேன்.

“அய்யய்யோ, மாப்ளைய போய் டேய்னுட்டனே” என்றார் வெல்டரிடம். “ஊர்ல கேட்டா இன்னா சொல்லுவாங்க. அதுவும் கொன்னுடுவேன்னு வேற சொல்லிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலித்தது. ஆனாலும் அடக்க முடியவில்லை. “அத்தே, இன்னும் நாலு தடவ டேய்னு கூப்பிடுங்க. நீங்க கூப்ட்டதாலதான் நான் இங்க நிக்கிறேன்” என்றேன். அவர் மெதுவாகத் திரும்பினார். ஆறு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“மீனு இன்னா ஆச்சு மாப்ள?” என்று கேட்டார்.

கிரேன் ஆபரேட்டர் கோரைக்குள் தேடி, சிக்கியிருந்த என் தூண்டிலை இழுத்தார். மீன் அதிலேயே இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அதைக் கரையேற்றியபோது நான்கு பேரும் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

டீயைக் குடித்துக்கொண்டே அத்தை அன்று பேசினார். என்னைப் பார்த்தே பேசினார். மாமனாரும் அவரும் கல்யாணமான புதிதில், கூலி வேலை இல்லாத நாட்களில், கொசஸ்தலை ஆற்று மதகடிக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போவார்களாம். “உங்க மாமாக்கு ஒரு மீன்கூட மாட்டாது. எல்லாம் நான் புடிச்சது. ஊருக்குள்ள நுழைஞ்சதும் கூடைய வாங்கிக்குனு, அவரே புடிச்சா மாதிரி முன்னாடி நடப்பாரு. எனக்கும் அது புடிக்கும், உட்டுடுவேன். நீங்க கடை மீன கொண்டாந்தப்போ அதான் எனக்கு கோவம் வரல. அவரு போனப்புறம் தூண்டில தொடவே கூடாதுன்னு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “தொட்டது நல்லதா போச்சு” என்றார்.

வீட்டில் மனைவி விஷயம் தெரிந்து ஒரு ஆட்டம் ஆடினாள். இனிமேல் ஏரிப் பக்கமே போகக் கூடாது என்றாள். எனக்காக அத்தைதான் வாதாடினார். “அவரு இனிமே தண்ணில கால் வெக்க மாட்டாரு. நா பாத்துக்கறேன். மாப்ள, நீங்க சொல்லுங்க, வெப்பீங்களா?” என்று என்னை நேராகக் கேட்டார். மனைவி கோபத்தை மறந்து, அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய் விராலை அறுக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அறுத்தாள்.

ஏழு வருடம் ஆகிவிட்டது. கிரேன் ஆபரேட்டர் கொண்டுவரும் லாரி டயர் ட்யூப் எப்போதும் கரையில் காற்றடித்துத் தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இப்போது என் மனைவியும் உண்டு, வெல்டர் குடும்பமும் உண்டு. தக்காளி சாதத்தின் இடத்துக்கு, அங்கேயே வறுக்கிற மீனும் சுடுசோறும் வந்துவிட்டன. அத்தைக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால் குத்துக்காலிட முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிடிக்கிறார். வாய்தான் ஓய்வதில்லை. நான் வீசினால் குறை, சுற்றினால் குறை. “இன்னா மாப்ள, மீன் புடிக்கிறீங்களா, தண்ணிய அளக்கிறீங்களா?” என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குகிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம், கம்பெனி கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, நாங்கள் வேலை செய்யும் ஷெட்டுக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தார். “சார், வீட்லேர்ந்து கேட்டுக்கு போன். உங்க மாமியாராம். அவசரமாம்.” வேலை நேரத்தில் எங்கள் செல்போன்கள் லாக்கரில் இருக்கும். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். என்னென்னவோ நினைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தேன்.

“மாப்ள, ஏரி ரொம்பி கலங்கல் செவுரு மேல வழியுதாம். மீனெல்லாம் எதுத்து ஏறுதாம். நாளைக்கு லீவு போடுங்க.”

“அத்தே, இதுக்கா கேட்டுக்கு போன் பண்ணீங்க? சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தா உங்க பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பக் கூடாதா?”

“உங்ககிட்ட பேசறதுக்கு நா எதுக்கு இன்னொருத்தர்கிட்ட சொல்லி அனுப்பணும்?” என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

செக்யூரிட்டியிடம் பேனா வாங்கி, கேட்டிலேயே நின்று லீவு லெட்டர் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, மாமியார் நாளைக்கு லீவு போடச் சொல்கிறார் என்று உண்மையையே எழுதிக் கொடுத்தேன்.