திரையிலேயே தங்கிவிட்ட மாப்பிள்ளைகள்

திருத்தணியில், மலைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு திருமணத் தகவல் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். யார் ஜாதகம் எந்தக் கட்டில் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அந்தத் திமிரும் உண்டு. அதனால் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிவந்து, இனிமேல் எல்லாம் இதில்தான் என்றபோது எனக்குச் சுருக்கென்றது.

புது வரனைப் பதிய ஒரு திரை, பொருத்தம் தேட ஒரு திரை, முழுப் பட்டியலுக்கு ஒரு திரை. முதல் நாள், தேடும் திரையைப் பதியும் திரை என்று நினைத்துப் பன்னிரண்டு பேரின் விவரங்களை அடித்தேன். ஒவ்வொரு தடவையும் 'பொருத்தம் இல்லை' என்றது. பன்னிரண்டு பேருக்குமா இல்லை என்று அதோடு சண்டை போட்டேன்.

ஒரு மாதத்தில் பழைய கட்டுகளை எல்லாம் ஏற்றிவிட்டேன். சிக்கல் கல்யாணம் முடிந்தவர்களால் வந்தது. அவர்கள் பெயரைத் தொட்டு 'நீக்கு' என்று அழுத்தச் சொல்லியிருந்தார் முதலாளி. எங்கள் நிலையத்தில் கல்யாணம் கூடிவந்த ஜாதகத்தைக் கிழிக்கவும் மாட்டோம், கோடு போட்டு அடிக்கவும் மாட்டோம். மஞ்சள் தடவித் தனியாக வைப்போம். நேற்றுத் தாலி கட்டியவனை 'நிச்சயமாக நீக்கவா?' என்று திரை கேட்டால் கை எப்படி வரும்? ஒருவரையும் நீக்காமல் மற்ற வரன்களோடே விட்டுவிட்டேன்.

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவாளர் தன் மகளுக்காக எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தார். பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, என் சாமர்த்தியத்தைக் காட்ட, திரையை அவர் பக்கம் திருப்பித் தேடிக் காட்டினேன். முதலில் வந்த படத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இவன் கல்யாணப் பந்தியில நான்தான சாம்பார் ஊத்திகினு இருந்தேன்."

அடுத்தவனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. எட்டு மாதமும் இப்படித்தான் தேடினீர்களா என்று கேட்டார். ஜாதகத்தைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பெண், ஒவ்வொருவர் பக்கத்திலும் கீழே 'நிலை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 'திருமணம் முடிந்தது' என்று மாற்றினால் அவர்கள் தனிப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள் என்றாள். ஒரு மாதமாக நான் பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்ததே இல்லை! மறுநாள் முழுக்க உட்கார்ந்து எல்லோரையும் மாற்றினேன். பிறகு நெசவாளர் மகளுக்குத் தேடினால், இத்தனை நாளும் பின்னால் மறைந்திருந்த அரக்கோணத்து ரயில்வே பையன் முதலில் வந்து நின்றான். உடனே அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, உங்கள் பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நெசவாளர் போனை எடுக்கவில்லை. பஸ் பிடித்துப் பள்ளிப்பட்டுக்கே போய் ரயில்வே பையனைப் பற்றிச் சொன்னேன். அவர் தறியை நிறுத்தாமல், வேண்டாம்மா, விட்டுவிடுங்கள் என்றார். மகள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இவருக்காவது இன்னும் ஆவலையாக்கா?"

அவன் அம்மாவிடம் வாங்கிய திட்டை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"நைனா, ஜாதகத்த எடுத்துக் குடு."

தறி நின்றது.