மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிய பொட்டு

அண்ணன் இல்லாத முதல் ஆண்டு முடிகிறது. படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது. அண்ணனைப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். புகழ நிறைய உண்டு. ஆனால் நடந்ததை மறைத்துவிட்டுப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் பிறந்தார். நைனா கடலோடு போனபின் பதினாறு வயதில் வலை பிடித்து என்னைப் படிக்க வைத்தார். வாய் தவறியும் யாரையும் கடிந்து பேசியதில்லை. ஏரியில் மீன் குறைந்ததும் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கினார். பழவேற்காட்டுக் கரையில் இறாலும் நண்டும் ஏற்றிப் பொன்னேரி சந்தைக்குப் போவோம். அவர் ஓட்டுவார், நான் விற்பேன்.

மீன்பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் வேனின் தரையை அரித்து ஓட்டை போட்டது. அடியில் புகைக்குழாயின் இணைப்பும் விட்டுப்போனது. படகு விரிசலுக்குப் பூசும் சிலிக்கான் பசையை எடுத்து அண்ணன் அங்கே அப்பினார். எங்கள் ஊரில் எந்த ஓட்டைக்கும் அந்தப் பசைதான். சில நாளில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. கண்ணை உறுத்துகிறதே என்று என் நெற்றி ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினேன்.

"வண்டிக்கே பொட்டு வெச்சிட்டியா பாப்பா!" என்று அண்ணன் சிரித்தார்.

அந்த மாதம் முழுக்க இருவருக்கும் தலைவலி. வண்டியில் ஏறினால் வரும். படகில் ஏறினால் போய்விடும். வெயில் என்றேன் நான்.

கரும்புகை வந்தபிறகே மெக்கானிக்கிடம் போனோம். அவர் கருவியைச் செருகிப் பார்த்தார், ஒயர்களைச் சோதித்தார், கடைசியில் புகைக்குழாயிலிருந்து ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றினார். அதன் நுனி சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது.

"இன்னாண்ணா பூசுன இங்க?"

"போட்டுக்குப் போடுற பசைதான்."

"அது எரிஞ்சு சென்சார் மேல படிஞ்சிக்கிச்சு. பொகைல ஆக்சிஜன் எவ்ளோ கீதுன்னு அதுக்குத் தெரியல. அதான் இஞ்சின் பெட்ரோலை அள்ளிக் குடிக்குது. இந்தப் பொகை வெஷம்ணா, ஓட்டை வழியா உள்ளயும் வருது. புது சென்சார் ரெண்டு நாள்ல வந்துடும். அதுவரிக்கும் வண்டிய எடுக்காத."

"பொகைலயே வளந்தவன்டா நானு. காத்து பாத்துக்கும்."

படகில் என்றால் காற்று பார்த்துக்கொள்ளும். மறுநாள் சந்தைக்கு நேரமாகிறது என்று அவரை அவசரப்படுத்தியவள் நான். கரையில் நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போன் சார்ஜ் ஏற என்ஜினை ஓடவிட்டு, படகுகளுக்காக அண்ணன் வேனுக்குள் காத்திருந்தார். படகுகள் வந்து, மீன் ஏலம் முடிந்து, நான் வந்து கதவைத் தட்டினேன். தூங்குகிறார் என்றே நினைத்தேன்.

கதவை உடைத்து அவரைத் தூக்கியவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு உடன் ஓடியவர்களுக்கும், கொட்டும் மழையில் அவரைப் படகில் தீவுக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. காரியம் முடிந்தபின் புது சென்சாரை மாட்டி, குழாயை வெல்டிங் செய்து, தரைக்குத் தகடு அடித்துக் கொடுத்த மெக்கானிக் தம்பிக்கும் நன்றி.

"வெளக்கு இன்னும் எரியுதா பாருக்கா" என்று வண்டிக்கு அடியிலிருந்து கேட்டார் அவர்.

பொட்டை உரித்தால்தான் தெரியும். உரித்தேன். அணைந்திருந்தது.

வெயில் என்று சொன்னவள் நான்தான், அண்ணா. என்னை மன்னித்துவிடு.