கல்லுக் கோயிலில் வைத்த வெள்ளிக் காது

நம்புனா நம்புங்க, நம்பாட்டி உங்க இஷ்டம். ஆனா "கூடக் கொஞ்சம் மசாலா போட்டுச் சொல்றான்"னு மட்டும் சொல்லிடாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். குமரவேல் என் தங்கச்சி புருஷன். என்னென்ன நடந்துச்சுன்னு நாள், மணி போட்டு அவன் போன்லயே குறிச்சு வெச்சிருந்தான். அதத்தான் சொல்றேன்.

குமரவேலுக்கு கோலாலம்பூர் பக்கம் ராவாங்ல சவுண்டு சிஸ்டம் வேலை. கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி... எங்க மைக் வேணுமோ அங்க அவன் லோரி நிக்கும். பதினெட்டு வருஷம் ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னு நின்னு, ரெண்டு வருஷத்துக்கு முன்ன இடது காது செத்துப்போச்சு. சுத்தமா. "நரம்பு போயிடுச்சு, இனி வராது"ன்னு ஸ்பெஷலிஸ்ட் கையை விரிச்சுட்டாரு. இந்த விஷயம் என் தங்கச்சி தனேஸ்வரிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்? நாக்குல ருசி தெரியாதவன யாராவது சமையலுக்குக் கூப்பிடுவாங்களா? யாராவது பேச வந்தா சட்டுன்னு வலது காதக் காட்டி நின்னுக்குவான். அப்படியே ஓட்டிக்கிட்டு இருந்தான்.

போன தவக்காலத்துல ஒரு வேலை வந்துச்சு. தவக்காலம்னா கிறிஸ்தவங்க ஈஸ்டருக்கு முன்ன நாப்பது நாள் விரதம் இருக்கிற காலம். கோலசிலாங்கூர் பாலத்தைத் தாண்டி வடக்கே போனா ஒன்பதாங்கட்டை தோட்டம். அங்க வெள்ளைக்காரத் துரை கட்டுன கல்லுக் கோயில் ஒண்ணு இருக்கு. நாப்பது குடும்பம் இருந்த தோட்டத்துல நானூறு பேர் உக்கார்ற மாதிரி கட்டி வெச்சிருக்கான் மனுஷன். அதனால சுத்துவட்டாரத்துல எல்லாரும் அத 'கதீட்ரல்'னே சொல்வாங்க. இப்ப தோட்டத்துச் சனங்க குடியிருந்த லயம் கிடையாது, ஆளும் கிடையாது, சுத்தி செம்பனை மரம்தான். அந்தக் கோயில்ல அஞ்சு வெள்ளிக்கிழமை தொடர்ந்து பக்தி இசை. நாப்பது பேர் பாடகர் குழு, வயலின், பழைய ஆர்கன். கோலாலம்பூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வருவாங்க. குழுவை நடத்துறது மாலா டீச்சர். சுருதி ஒரு மயிரிழை பிசகினாலும் மூஞ்சி மாறிடும் அவங்களுக்கு.

முதல் வெள்ளி. நிகழ்ச்சி முடிஞ்சதும் டீச்சர் நேரா சவுண்டு மிக்சர்கிட்ட வந்தாங்க.

"குமரவேல், இடது பக்கம் பொண்ணுங்க இருபது பேர் தொண்டை கிழியப் பாடினாங்க. எங்க போச்சு அந்தச் சத்தம்?"

"மைக் கொஞ்சம் கோளாறு டீச்சர். அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்."

"சரியா வரலன்னா வேற ஆள் பாத்துக்குவேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மைக் கோளாறா? அவன் காதுதான் கோளாறு. அன்னைக்கு லோரில உக்காந்து அழுதிருக்கான். டீச்சர் ஊருக்கெல்லாம் தெரிஞ்சவங்க. அவங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தா பொழப்பே போச்சு.

அப்பத்தான் நம்ம ஆளுங்க செய்யறத அவனும் செஞ்சான். தோட்டத்துச் சனங்களுக்கு சாமின்னா சாமிதான், எந்த வீட்டுச் சாமின்னு யாரு கேக்குறா? மாரியம்மனுக்கு நேந்துக்குற அதே கை மாதா கோயில்லயும் மெழுகுவத்தி ஏத்தும். கண்ணுல நோவுன்னா வெள்ளித் தகட்டுல கண்ணு, கால்ல நோவுன்னா கால். புதன்கிழமை ராவாங் பூஜைக் கடையில வெள்ளித் தகட்டுல செஞ்ச காது ஒண்ணு வாங்கினான். தனேஸ்வரிகிட்டகூடச் சொல்லல.

ரெண்டாவது வெள்ளி, சாயந்தரம் 5.50. கல்லுக் கோயிலுக்குப் பின்னால, பாசி படிஞ்ச ஒரு கல்லுச் சிலை. முக்காடு போட்ட பொம்பள, தலை குனிஞ்சு, ரெண்டு கையையும் ஏந்தி நிக்கிறா. மாதாவேதான்னு நெனச்சுக்கிட்டான். கேக்க ஆள் இல்லாமலா போச்சு? முன்பக்கம் சன்னாசி அண்ணன் புல்லு வெட்டிக்கிட்டுதான் இருந்தாரு, கோயில் வளாகத்தப் பாத்துக்குறவரு. ஆனா கேட்டா, "எதுக்குத் தம்பி நேத்திக்கடன்?"னு திருப்பிக் கேப்பாரே. கேக்கல.

மெழுகுவத்தி ஏத்தினான். வெள்ளிக் காத அந்த ஏந்துன கையில வெச்சான்.

"இந்தா தாயே, என் காது. ஏத்துக்கோ"ன்னான்.

காத்து இல்ல. மெழுகுவத்தி அணைஞ்சுது. செத்த நேரம் பாத்துட்டு உள்ள வந்துட்டான்.

6.47. மைக் ஒவ்வொண்ணா சோதிச்சுக்கிட்டு இருந்தவன் அப்படியே நின்னுட்டான். இடது காதுல...

ம்ம்ம்...

ஒரு பொம்பள முனகுற மாதிரி. மெல்லிசா, ஒரே சுருதியில. ரெண்டு வருஷமா கல்லா கெடந்த காது! போனை எடுத்து, "தனேசு, கேக்குது தனேசு! காது வந்துடுச்சு!"ன்னு கத்தியிருக்கான். அவ அங்க சாமி மாடத்துக்கு முன்ன விழுந்து கும்புட்டிருக்கா.

அன்னைக்கு நிகழ்ச்சியில இன்னொரு அதிசயம். பொண்ணுங்க பக்கம் சத்தம் கொறைஞ்சா, இடது காதுல அந்த முனகல் ஏறும். சரி பண்ணினா அடங்கும். அது போன வழியே கைய ஓட்டினான். முடிஞ்சதும் டீச்சர் வந்து அவன் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "இத்தன வருஷத்துல இப்படி ஒரு சவுண்டு நான் கேட்டதில்ல குமரவேல்!"

இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும், சொல்லுங்க. ஆனா வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தப்பத்தான் முதல் கோணல் தெரிஞ்சுது.

தனேஸ்வரி ஆசையா இடது பக்கம் வந்து, காதுகிட்ட குனிஞ்சு, "என்னங்க"ன்னா.

கேக்கல.

"என்னங்க... கேக்குதா?"

அவ மூச்சுச் சூடு காதுல பட்டுச்சு. சத்தம் மட்டும் இல்ல. வலது காத விரலால பொத்திக்கிட்டு, அவனே அவன் பேரச் சொல்லிப் பாத்தான். அதுவும் கேக்கல. தவளைச் சத்தம்தான் கேட்டுச்சு. நூத்துக்கணக்கான தவளை... அவங்க இருக்கிறது நாலாவது மாடி ஃபிளாட்.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம் 3.10. ராவாங்ல மண்டையப் பொளக்குற வெயில். குமரவேல் இடது காதுல மழை. சோன்னு மழை. ஆனா கூரை மேல விழுற சத்தம் இல்ல, ஜன்னல்ல அடிக்கிற சத்தமும் இல்ல. தண்ணி மேல இருந்து கீழ ஊறி இறங்குற சத்தம்... சொத்... சொத்...

போனை எடுத்து சன்னாசி அண்ணனக் கூப்பிட்டான்.

"அண்ணே, அங்க மழையா?"

"ஐயோ, கொட்டுது லா! கால் மணி நேரமா. ஏன் தம்பி?"

"சும்மாதான்."

போனை வெச்சுட்டு, மணியக் குறிச்சுக்கிட்டான்.

திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போனான். மிஷினெல்லாம் வெச்சுப் பாத்தாரு. இடது காது செத்தது செத்ததுதான்னாரு. "ஆனா வலது காது ஏன் இப்படிக் கொறைஞ்சிருக்கு? இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்துச்சு?"ன்னு கேட்டாரு.

இருந்த ஒரு காதும் போகுதுன்னா? பொழப்ப விடுங்க. பெத்த புள்ள "அப்பா"ன்னு கூப்பிட்டா எப்படிக் கேப்பான்?

புதன், ராத்திரி 2.15. இடது காதுல புதுசா ஒரு சத்தம்.

மூச்சு.

இழுத்து... நிறுத்தி... விடுது. பக்கத்துல. தலகாணியில பக்கத்துல படுத்திருக்கிறவங்க மூச்சு கேக்குமே, அவ்வளவு பக்கத்துல.

நடுவுல ஒரு பாட்டு. போன வெள்ளி டீச்சர் குழு பாடுன பாட்டு. முனகுது. ஒரு இடத்துல தப்பா போகுது. நிறுத்துது. திரும்ப முதல்ல இருந்து... தப்பு இல்லாம.

அந்தச் சத்தம் தெளிவாகத் தெளிவாக, இந்தப் பக்கம் வலது காது அடைச்சுக்கிட்டே போச்சு. வியாழக்கிழமை டிவியைச் சத்தமா வெச்சான். வெள்ளி காலையில தனேஸ்வரி மூணு தடவ கூப்பிட்ட பெறகுதான் திரும்பினான்.

"நேந்து குடுத்தத திருப்பி வாங்கக்கூடாதுங்க, சாமி குத்தம் ஆயிடும்"னு அழுதிருக்கா, அவன் எல்லாத்தையும் சொன்ன பெறகு.

"சாமி குத்தம் என்ன குத்தம்? எனக்கு என் காது வேணும்!"

மூணாவது வெள்ளி, 5.35. நேரா கோயில் பின்பக்கம் ஓடுனான்.

சிலையோட கை காலி.

கீழ தேடினான். புல்லுல தேடினான். இல்ல. சிலையோட காலடியில பாசியச் சுரண்டினான். எழுத்து. இங்கிலீஷ்ல ஒரு பேரு. கீழ ரெண்டு வருஷம். 1897. 1931.

"தம்பி! அங்க என்ன பண்றீங்க?" சன்னாசி அண்ணன் குரல் எங்கயோ தூரத்துல கேட்ட மாதிரி இருந்துச்சு. திரும்பினா பக்கத்துலயே நிக்கிறாரு.

"அண்ணே... இது மாதா இல்லையா?"

"மாதாவா? அட, மாதா கோயிலுக்கு உள்ளயில்ல இருக்காங்க! இது கல்லறை லா. துரை சம்சாரம். இங்க ஆர்கன் வாசிச்சவங்கன்னு சொல்வாங்க."

குமரவேலுக்கு அப்பத்தான் புரிஞ்சுது. மாதாகிட்ட குடுக்கிறதா நெனச்சு, செத்தவங்க கையில குடுத்திருக்கான். 'என் காது, ஏத்துக்கோ'ன்னு வாயால சொல்லிக் குடுத்திருக்கான். ஏத்துக்கிட்டாங்க. அவன் காது இப்ப ராவாங்ல இல்ல. அந்தக் கல்லுக்கு அடியில இருக்கு. மண்ணுக்குள்ள கேக்கிறதத்தான் இத்தன நாளா கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்.

சோதிச்சுப் பாக்கணும்னு தோணுச்சு. அந்தப் பாவி ஏன்தான் அத செஞ்சானோ.

விரல மடக்கி கல்லத் தட்டினான்.

டொக்.

வலது காதுல லேசா விழுந்துச்சு. இடது காதுல... தலைக்கு மேல இடி விழுந்த மாதிரி. மேல இருந்து. உள்ள படுத்திருக்கிறவங்களுக்கு எப்படிக் கேக்குமோ, அப்படி.

மூச்சுச் சத்தம் நின்னுச்சு.

முனகலும் நின்னுச்சு.

ஒண்ணுமே இல்ல...

5.52.

டொக்.

இவன் தட்டல.

சன்னாசி அண்ணன் வெட்டுக்கத்தியக் கீழ போட்டுட்டாரு. "தம்பி"ன்னாரு, "அது கீழ இருந்து வந்துச்சு."

அவருக்கும் கேட்டிருக்கு!

மூணாவது வெள்ளி நிகழ்ச்சிக்கு அவன் நிக்கல. வண்டிய அங்கயே போட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டான். டீச்சர் வேற ஆளக் கூப்பிட்டு மிச்சத்த நடத்திக்கிட்டாங்க. ஈஸ்டருக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை 10.20க்கு வலது காதும் அடைஞ்சுது. கடைசியா அவன் கேட்டது அவன் மக சிரிச்ச சத்தம்.

அங்க வரமாட்டேன்னு அவன் என்ன கெஞ்சியும் நான் விடல. அடுத்த வாரம் அவனையும் தனேஸ்வரியையும் கூட்டிக்கிட்டு, அந்தக் கோயிலப் பாத்துக்குற பாதிரியார் ஆபீசுக்குப் போனேன். கல்லறையத் தோண்டி அந்த வெள்ளிக் காத எடுக்கணும், இல்லாட்டி மந்திரிச்சாவது விடணும். அதான் கேக்கப் போனோம். பாதிரியார் நல்ல மனுஷன். சிரிக்கல. பழைய ரிஜிஸ்டர எடுத்துப் பொரட்டினாரு. ஒரு பக்கத்துல நிறுத்தி, ரெண்டு தடவ படிச்சாரு.

1958ல துரையோட குடும்பம் வந்து, அந்தம்மா பெட்டியத் தோண்டி எடுத்து, கப்பல்ல இங்கிலாந்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. கையெழுத்து, சாட்சி, எல்லாம் இருக்கு. சிலை கனம்னு அத மட்டும் விட்டுட்டுப் போயிருக்காங்க.

தனேஸ்வரி ஒரு தாள்ல எழுதி அவன்கிட்ட காட்டினா. 'அறுபது வருஷத்துக்கு மேல அந்தக் குழி காலிங்க. உள்ள யாரும் இல்ல.'

குமரவேல் படிச்சான். தலைய ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு, கண்ண மூடி, அந்தக் காதுக்குள்ள கேட்டான்.

பெறகு, காது கேக்காதவங்க பேசுற மாதிரி, அந்தச் சின்ன ரூமே அதிர்ற மாதிரி சத்தமா சொன்னான்.

"இல்ல தனேசு... இருக்காங்க. முன்ன ஒரு மூச்சுதான் கேட்டுச்சு. நேத்துல இருந்து ரெண்டு பேரு மூச்சு விடறாங்க."