வேலையைக் கேட்காமல் ஒரு சம்பந்தம்

ஹட்டனில், கல்லூரி என்று பெயர் கொண்ட ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்து, அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் அதிபராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து பட்டதாரியானவன். கடைத்தெருவில் நான் நடந்தால் முதலாளிமார் எழுந்து நிற்பார்கள். கோயில் திருவிழாவில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு. இவற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இவை தேவை.

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நான் கேட்பவை மூன்று கேள்விகள். எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்? என்ன வேலை? மலையகத்தில் எல்லோரும் கேட்பவைதாம் அவை. மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் வந்தவரை எந்த நாற்காலியில் அமர்த்துவது, எவ்வளவு நேரம் பேசுவது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

இந்தக் கேள்விகளால்தான் என் ஒரே மகளுக்கு வந்த முதல் சம்பந்தம் முறிந்தது என்பது என் மனைவியின் கட்சி. மாப்பிள்ளையின் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் இருந்ததாகச் சொன்னார். “ஸ்டாஃபா, தொழிலாளியா?” என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், விடைபெற்றார், பிறகு பதில் அனுப்பவே இல்லை.

இரண்டாவதாக வரவிருந்தவன் மகள் தானே தேர்ந்துகொண்ட பையன். கொழும்பில் வேலை பார்க்கும் அவள் முந்தின நாளே வந்து என்னை எதிரில் உட்கார வைத்தாள்.

“அப்பா, இந்தத் தடவ அந்த மூணு கேள்வியும் வேணாம். கொழும்புல எங்க கூட்டாளிங்க புதுசா யாரப் பாத்தாலும் வேலையக் கேக்க மாட்டாங்க. சொந்தமா என்ன உண்டாக்குறீங்கன்னுதான் கேப்பாங்க. பாட்டு, படம், கேக்கு, என்னமோ ஒண்ணு.”

“சம்பளம் இல்லாத காரியத்தக் கேட்டு ஒருத்தரப் பத்தி என்ன தெரிஞ்சிக்கிறது?”

“சரி, நீங்க என்ன உண்டாக்குவீங்க? சொல்லுங்க.”

“ஒழுக்கமான மாணவர்களை.”

“அது வேலப்பா. அதுக்குத்தான் பென்ஷன் வருது.”

“சட்டைக்குக் கஞ்சி போடுவாரு. அதச் சொல்லச் சொல்லு,” என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

இதையும் நான் கெடுத்தால் இனி எவரையும் வீட்டுக்குக் கூட்டி வரப்போவதில்லை என்றாள் மகள். அதைச் சொன்னபோது அவள் விளையாடவில்லை. நான் வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வட்டவளையிலிருந்து பையனும் தாயும் தந்தையும் வந்தார்கள். தந்தைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னைக் கண்டதும் கைகட்டி நின்றார். என்னிடம் படித்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். ஆனால் முகம் நினைவுக்கு வரவில்லை. “எந்தத் தோட்டம்” என்பது என் தொண்டைவரை வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். தண்ணீர் குடித்து அதை உள்ளே அனுப்பினேன்.

“தாங்கள் சொந்தமாக என்ன உருவாக்குகிறீர்கள்?” என்று கேட்டேன். பரீட்சை வினாப்போல ஒலித்தது.

“நானாங்க சார்?” அவர் மனைவியைப் பார்த்தார். “நான் என்னத்த உண்டாக்குனேன்...”

“பட்டப்பேருங்க!” என்றார் அந்த அம்மாள். “எங்க பக்கத்துல பாதிப் பேருக்கு இவரு வச்ச பேருதாங்க. கல்யாணமான மூணாம் நாளே எனக்குப் ‘பெரட்டு மணி’ன்னு வச்சிட்டாரு.”

விடியுமுன் தொழிலாளரை வேலைக்குத் திரட்டும் மணி அது. அம்மாளின் குரலைக் கேட்டபின் பெயரின் பொருத்தத்தை என்னால் மறுக்க முடியவில்லை. கேட்ட சாமானெல்லாம் நேற்றே முடிந்துவிட்டதாகச் சொல்லும் ஒருவரின் கடைக்கு ‘நேத்துக்கடை’ என்று பெயர் வைத்திருந்தார்.

“மகனுக்கு?” என்றேன்.

“கொழும்பு போனதுலருந்து ‘மிஸ்ட் கோல்’ங்க சார். ஒரு மணி அடிச்சிட்டு வச்சிருவான்.”

என் மகள்தான் முதலில் சிரித்தாள். நானும் இளகிப்போனேன். இரசிகன் என்ற முறையில் என் பங்குக்கும் ஒன்று சொல்ல விரும்பினேன்.

“எங்கள் கல்லூரியிலும் ஒன்று இருந்தது. கணித ஆசிரியருக்கு ‘இஸ்திரிப் பெட்டி’ என்று பெயர். நான் வராந்தாவில் வரும்போதெல்லாம் ‘இஸ்திரி வருது’ என்று வகுப்புகளில் கேட்கும். திரும்பிப் பார்த்தால் அவர் என் பின்னால் வந்துகொண்டிருப்பார். அந்தப் பெயரை வைத்தவன் எவனோ, அவன் கெட்டிக்காரன்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சார்... அது நாந்தாங்க வச்சேன். ஒம்பதாம் வகுப்புல.”

“அப்படியா! பாராட்டுகள்.”

“ஆனா கணக்கு சாருக்கு இல்லீங்க.”

அடுக்களையில் என் மனைவி இருமினாள். அது இருமல் அன்று என்பது எனக்குத் தெரியும்.

“ஒனக்குத் தெரியுமா?” என்றேன், அந்தப் பக்கம் பார்த்து.

“ஊருக்கே தெரியுங்க.”

“சின்ன வயசு சார், மன்னிச்சிருங்க,” என்று அவர் எழுந்து நின்றார். “அந்தக் கால்சட்ட மடிப்பு அப்பிடி இருக்கும்... கிட்ட வந்தாலே சுடும்...”

“வாய மூடுங்க! இன்னும் வெளக்கம் வேற சொல்றாரு!” என்றார் பெரட்டு மணி.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது பரிசளிப்பு விழாக்களில் நான் அதிபர் உரை நிகழ்த்தியிருக்கிறேன். அவற்றில் ஒரு வரியாவது எவருக்காவது நினைவிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். இந்த மனிதர் பதினான்கு வயதில் இரண்டே சொற்களில் உண்டாக்கியது நாற்பது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதை அன்று நான் கேட்கவில்லை. நான் எழுந்து உள்ளே போனேன்.

நான் கோபித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியதாகவும், மனைவியும் மகளும் அரை மணி நேரம் கெஞ்சி என்னை வெளியே அழைத்து வந்ததாகவும் டிக்கோயாவரை பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. வெற்றிலைத் தட்டு உள்ளறையில் இருந்தது. தட்டு மாற்றிச் சம்பந்தத்தை உறுதிசெய்ய அதை எடுத்துவரப் போனேன். கதவைச் சாத்தவில்லை.